நோபல் என்னும் பெயர்



ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் பத்தாம் நாளன்று, சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், அறிஞர் சிலர் அந்நாட்டு மன்னரின் கையால் பரிசு பெறுகின்றனர். அப்பரிசின் பெயரை அறியாதார் நம் நாட்டில் இலர். ஆயினும், நோபல் என்பது எம்மொழிச் சொல், அஃது எங்கிருந்து வந்தது என்று வினவினால் விடை கூறுவார் மிகச் சிலரே. ஆங்கிலத்தில் உயர்வு என்னும் பொருள் தரும் ‘நோபிள்’ என்ற சொல்லோடு இதனை மயக்கி, ‘மேன்மைப் பரிசு’ என்று தமிழாக்கிய தாள் ஒன்றை யாமே ஒருமுறை திருத்த நேர்ந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒலி அவ்வாறு மயக்குகின்றது. ஆனால், அப்பெயருக்கும் மேன்மைக்கும் சொல்வகையில் யாதோர் உறவும் இல்லை. அஃது ஒரு சிற்றூரின் பெயர். இலத்தீன் மொழியில் நீண்டு, பின்னர்ப் படைவீட்டில் குறுகிய ஊர்ப்பெயர். உலகெங்கும் வழங்கும் அப்பெயர், பிறந்த நாட்டிலே மிக அரிய குடும்பப் பெயர்களுள் ஒன்று. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

பழைய சுவீடனில் உழவர் குடிகளுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இருந்ததில்லை. ஆண்டர்ஸ் என்பவருக்கு மகன் பிறந்து, அவனுக்கு நில்ஸ் என்று பெயரிட்டால், அவன் நில்ஸ் ஆண்டர்சன் ஆவான். அதாவது, ஆண்டர்ஸின் மகன் நில்ஸ். அந்த நில்ஸுக்குப் பிறந்த கார்ல், கார்ல் நில்சன் ஆவான். அவன் தங்கை காரின், நில்ஸ்தோத்தர் ஆவாள். ‘தோத்தர்’ என்பதற்கு மகள் என்பது பொருள். அவள் மணம் புரிந்து வேறு வீடு புகுந்தாலும் தன் தந்தையின் பெயரைத் துறப்பதில்லை. பாட்டனுக்கு ஒரு பெயர், தந்தைக்கு ஒரு பெயர், பேரனுக்கு ஒரு பெயர். ஐஸ்லாந்து தீவில் இவ்வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கின்றது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்து திரியும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. நம்மவர் தந்தையை முன்னே ஓர் எழுத்தாகச் சுருக்குகின்றனர். அவர்கள் பின்னே முழுமையாக வைத்தனர். வேற்றுமை அவ்வளவே.

ஊருக்குள் வாழும் வரை இம்முறையில் இடர் யாதும் இல்லை. ஊரைவிட்டு வெளியே செல்வோருக்கே இடர் தோன்றிற்று. இருபது முப்பது ஆண்பெயர்களையே திரும்பத் திரும்ப இட்டு வழங்கிய நாட்டில், ஒரே பள்ளியில், ஒரே படைப்பிரிவில் எத்தனை நில்ஸ் ஆண்டர்சன்கள் இருந்திருப்பர்! 1682ஆம் ஆண்டு முதல் பதினொன்றாம் கார்ல் மன்னர் நிலையான படை அமைத்தபோது, வீரர்களுக்கு வழங்கிய புதுப்பெயர்கள் சுவை மிக்கவை. ஒருவர் ‘ராஸ்க்’, விரைவுடையவர். ஒருவர் ‘மூதிக்’, துணிவுடையவர். ஒருவர் ‘ஷோல்ட்’, அதாவது கேடயம். ஒரு வீரர் விலகினால், அவர் குடியிருந்த சிறுமனையும் அவர் பெயரும் பல இடங்களில் அடுத்து வந்தவரைச் சேர்ந்தன. பெயர் ஆளுக்கன்று, மனைக்கு!

பல்கலைக்கழகம் புகுந்தோர் வேறு வழி கண்டனர். அங்கே இலத்தீன் மொழியே கல்விமொழி. ஆதலின், பிறந்த ஊரின் பெயரையோ, வீட்டுப் பெயரையோ இலத்தீனாக்கி, இறுதியில் ‘இயஸ்’ என்று ஓர் ஈற்றைச் சேர்த்துத் தம் பெயராகக் கொண்டனர். காய்ச்சல் வந்தால் நம் வீட்டில் வெப்பமானியை எடுத்துப் பார்க்கின்றோமே, அதிலுள்ள செல்சியஸ் என்னும் பெயர் இவ்வாறு பிறந்ததே. மேடு என்று பொருள்படும் ஹோகன் என்பது அக்குடும்பத்தின் வீட்டுப் பெயர். உயர்ந்தது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதனை மொழிபெயர்த்துச் செல்சியஸ் என்றனர். செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய லின்னேயஸின் பெயரோ ஒரு மரத்தால் வந்தது. அவர் தந்தை நில்ஸ் இங்கெமார்சன், லுண்ட் பல்கலைக்கழகத்திற் சேரப் புறப்பட்டபோது, குடும்ப நிலத்தில் நின்ற பெரிய ‘லிண்ட்’ மரத்தை நினைந்து லின்னேயஸ் எனப் பெயர் கொண்டார். மரங்களுக்குப் பெயரிட்ட மகனுக்கு ஒரு மரமே பெயரிட்டது.

இவ்வாறு பெயர் தேடியவருள் ஒருவரே நம் கதைக்குரிய பெத்ருஸ். இவர் 1655ஆம் ஆண்டு, சுவீடனின் தென்கோடியிலுள்ள ஸ்கோனே மாநிலத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது அம்மாநிலம் டென்மார்க்கு மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1658ஆம் ஆண்டில் ரோஸ்கில்டே உடன்படிக்கையால் அது சுவீடனுக்குக் கைமாறிற்று. மூன்று அகவைச் சிறுவன் ஓரடியும் நடவாமல் வேற்று நாட்டானாயினான்! உழவர் குடியில் வந்த அவர், 1682ஆம் ஆண்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலப் பதிவு செய்துகொண்டார். அப்பதிவேட்டிற்குத் தந்தை பெயர் போதவில்லை. பெத்ருஸ் ஒலாயி என்றால், ஓலோவின் மகன் பெத்ருஸ் என்பது மட்டுமே பொருள். ஓலோவ்களோ நாடெங்கும் இருந்தனர். ஆதலால் தம் ஊராகிய கீழை நொப்பெலெவ் என்பதை இலத்தீனாக்கி, நொபேலியஸ் என்று எழுதினார். நோபல் என்னும் பெயர் அந்தப் பதிவேட்டிலே பிறந்தது. வடக்கே போன உழவர் மகன் ஒருவர், தம்மை இன்னார் என்று அயலார்க்கு அறிவிக்கத் தம் ஊரைத் தோளில் தூக்கிச் சென்றார் எனலாம்.

பெத்ருஸ் பின்னர் நீதிபதியானார். உப்சாலாவின் பேரறிஞரும், நிணநீர்க் குழாய்களைக் கண்டறிந்தவருள் ஒருவருமான ஓலோவ் ரூட்பெக்கின் மகள் வெண்டேலாவை 1696இல் மணந்தார். ஊரிலிருந்து பெயரை மட்டும் கொண்டுவந்தவர்க்கு அறிவுக்குடியின் உறவும் வாய்த்தது. அவர் பேரன் இம்மானுவேல், படைமருத்துவராகப் பணியாற்றினார். பெயரின் இலத்தீன் வால் அவர் காலத்தே அறுந்தது. நொபேலியஸ், நொபேல் ஆயிற்று. இன்றும் சுவீடன் மக்கள் இப்பெயரைச் சொல்லும்போது இரண்டாம் அசையை அழுத்தி ‘நொபேல்’ என்றே ஒலிக்கின்றனர். ஈறு போயினும், நெடிய பெயரில் அழுத்தம் விழுந்த இடம் மாறவில்லை. நாம் ‘நோபல்’ என்று முதலசையை நீட்டுவது ஆங்கிலத்தின் வழியாக வந்த பழக்கம்.

படைமருத்துவரின் மகன் பெயரும் இம்மானுவேலே. கட்டடக் கலைஞரும் புதுப்பொருள் புனைவோருமாகிய அவர் 1833இல் கடனில் மூழ்கினார். அதே ஆண்டில், அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் ஆல்பிரட் பிறந்தார். தந்தை பிழைப்புத் தேடி உருசியத் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கு சென்றார். 1842இல் குடும்பமும் பின்தொடர்ந்தது. அயல்நாட்டில், அயல்மொழியின் நடுவே வளர்ந்த அப்பிள்ளைகளுக்குத் தாய்நாடென்று சொல்லிக்கொள்ள இருந்தவற்றுள் பெயரும் ஒன்று. அண்ணன்மார் இராபர்ட்டும் லுட்விக்கும் 1879இல் பாகு நகரில் எண்ணெய்த் தொழில் நிறுவனம் கண்டபோது அதற்கு நோபல் உடன்பிறந்தார் என்றே பெயரிட்டனர். இளையவராகிய எமில், 1864ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்டாக்ஹோமில் நைட்ரோகிளிசரின் வெடித்ததில் மாண்டார். ஆல்பிரட் அம்மருந்தைப் பழக்கி டைனமைட் ஆக்கிய வரலாறு பலரும் அறிந்தது. அதனை ஈண்டு விரிக்கவில்லை. அவர் மணம் புரியவில்லை, மக்கட்பேறும் இல்லை. 1895 நவம்பரில் பாரிசில் எழுதிய இறுதி முறியில், தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பரிசுகளுக்கென்று வைத்தார். மறு ஆண்டு டிசம்பர்த் திங்கள் பத்தாம் நாள் இத்தாலி நாட்டுச் சான் ரேமோவில் மறைந்தார்.

முதற் பரிசுகள் 1901 டிசம்பரில் வழங்கப்பெற்றன. அதே ஆண்டிலேயே சுவீடன் அரசு குடும்பப் பெயர்களைப் பற்றிய ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஒரு குடும்பத்துக்குரிய பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. தந்தை பெயரைத் தலைமுறைதோறும் மாற்றும் வழக்கம் அதற்கு முன்பே நகரங்களில் தளர்ந்து வந்தது. பின்னர் நாட்டுப்புறத்திலும் மறைந்தது. ஆண்டர்ஸின் மகன் நில்ஸ், தன் மகனையும் ஆண்டர்சன் என்றே பதிந்தான். அவன் ஆண்டர்ஸின் மகன் அல்லனே என்று எவரும் வினவவில்லை. அந்நாளில் எந்தத் தந்தையின் பெயர் ஏட்டில் இருந்ததோ, அதுவே அசையாது நின்றுவிட்டது. ஆற்றில் மிதந்த இலை, நீர் உறைந்தபோது நின்ற இடத்திலே நின்றுவிடுவது போல.

அதன் விளைவை இன்று காணலாம். ஒரு கோடியைச் சற்றே கடந்த மக்கள்தொகையுடைய அந்நாட்டில், ஆண்டர்சன் என்னும் பெயருடையார் மட்டும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர். யோகான்சன்களும் அவ்வாறே மிகப் பலர். ஒரு காலத்தில் அரசே புதுப்பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, மகன் என்று முடியும் பெயர்களைக் கைவிடுமாறு குடிகளை ஊக்கியது. 2017ஆம் ஆண்டு வரை, புதுக் குடும்பப் பெயர் வேண்டுவோர் விண்ணப்பித்த அலுவலகம் எது தெரியுமா? புதுப்பொருள் காண்போருக்கு உரிமம் வழங்கும் காப்புரிமை அலுவலகமே! முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற ஆல்பிரட் இதனை அறிந்திருந்தால் நகைத்திருப்பார். 2017 சூலை முதல் அப்பணி வரித்துறையிடம் உள்ளது. அதே நாளில் வந்த சட்டத்தின்படி, 2,000 பேருக்குக் குறையாமல் தாங்கும் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்த பெயர்கள் காவலுக்குட்பட்டவை. ஆண்டர்சன் பொதுச்சொத்து, நோபல் தனிச்சொத்து. நோபல் என்னும் பெயருடையோர் அவ்விரண்டாயிரம் என்னும் எல்லையை எட்டாத சிறு தொகையினரே. ஆல்பிரட்டின் வழியில் எவரும் இலர். அண்ணன்மாரின் வழியிலும் பெண்வழி வந்தோர் பலர் வேறு பெயர்களைத் தாங்கி நிற்கின்றனர்.

இந்தச் சிறு குடும்பத்தின் பெயரால் வழங்கும் பரிசேட்டில் தமிழர் மூவரின் பெயர்களும் உள்ளன. அவற்றைக் குடும்பப் பெயர் என்னும் கண்ணாடி வழியே நோக்கினால் ஒரு வியப்புத் தோன்றும். 1930இல் பரிசு பெற்ற இராமனின் தந்தையார் பெயர் சந்திரசேகரன். மகன் பெயர் வேங்கடராமன். அவ்வொரு பெயரே இரண்டாகப் பிளந்து, பின்பாதி குடும்பப் பெயரின் இடத்தில் அமர்ந்தது. 1983இல் பெற்ற சந்திரசேகர் அவருடைய அண்ணன் மகன், இலாகூரில் பிறந்தவர். அவர் தந்தையார் சுப்பிரமணியன். மைந்தருக்கோ பாட்டனாரின் பெயர். அவரைத் தம் சொந்தப் பெயராலேயே ஏடு குறிக்கின்றது. ஆகவே, ஒரே குடும்பத்துச் சிற்றப்பனும் மகனும் அவ்வேட்டில் உறவற்ற இரு குடும்பத்தார் போலத் தோன்றுகின்றனர். சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்து, 2009இல் வேதியியற் பரிசு பெற்றவர் வேங்கடராமன் இராமகிருஷ்ணன். இவருக்கு இராமகிருஷ்ணன் என்பது தந்தையாரின் பெயர். அறிவுலகம் இவரைத் தந்தை பெயராலேயே சுட்டுகின்றது. மூவருள் பழைய சுவீடனின் முறைப்படி ஏறியவர் இவர் ஒருவரே!

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எமக்குப் படிவங்களோடு நாள்தோறும் உறவு. ஆங்கிலப் படிவத்தில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம். இந்தியில் அதனை ‘உபநாம்’ என்பர். தமிழில் ‘குடும்பப் பெயர்’ என்று எழுதிவிடுகின்றோம். எழுதும்போதெல்லாம், நம்மிடம் இல்லாத பொருளுக்குச் சொல் தருகின்றோமே என்று எம் கை சற்றே தயங்கும். வடபுலத்தில் வாழும் நேயர்கள் இத்தயக்கத்தை அறிவர். எம் மகனைப் பள்ளியில் சேர்த்த நாளில், அக்கட்டத்தை வெறுமையாக விடலாகாது என்று எழுத்தர் கூறினார். எமக்குப் பின்னே மக்கள் பலர் வரிசையில் நின்றனர். எம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது அவன் சான்றிதழ்கள் அனைத்திலும் எம் பெயரே குடும்பப் பெயர்.

அன்று யாதும் தோன்றவில்லை. சென்ற ஆண்டு அவன், “அப்பா, எனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு உங்கள் பெயர்தானே வரும்? என் பெயர் எங்கே வரும்?” என்று கேட்டான். அவனுக்கு விடை கூற இயலவில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கந்தான். ஆனால் அங்கே பேரனுக்கு முன்னே தந்தையின் எழுத்து ஒன்று நிற்கும். இனி அது நில்லாது. எம் தந்தையார் பெயர் எம் தலைப்பெழுத்தில் இருந்தது. எம் மகனின் ஏடுகளில் அவர் இல்லை. எம் மகன் பெயர் அவன் மகனின் ஏடுகளில் இராது. இடையில் யாம் மட்டும், எத்தகுதியும் இன்றி, தலைமுறை தலைமுறையாக நிற்கப் போகின்றோம். யாரோ ஓர் ஆண்டர்ஸ் இரண்டு இலட்சம் பேரில் நிற்பது போல.

இளையவள் எம் மகளுக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்ப வேண்டியுள்ளது. அக்கட்டத்தில் என் தந்தை பெயர்தான் வேண்டும், ஆனால் அதை எனக்குப் பின்னும் எவர்க்கும் தரமாட்டேன் என்கின்றாள் அவள். நில்ஸ்தோத்தர் காரினும் அவ்வாறே சொல்லியிருப்பாள். விண்ணப்பம் மேசைமேல் இருக்கின்றது. மற்றக் கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டோம்.