குடாநாட்டு மரமும் வன்னிக் காடும்

ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்வோர் நிலத்தின் தோற்றம் மாறுவதை விரைவிலேயே காண்பர். வடக்கே வேலியும் வீடும் தோட்டமும் பனங்கூடலும். தெற்கே பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி வளர்ந்த காடு. இரு பக்கத்திற்கும் மாரிமழை ஒன்றே, கோடைவெயிலும் ஒன்றே. எனினும், ஏறத்தாழ 1,000 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள யாழ்ப்பாண மாவட்டத்தில் காடென்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. அதனினும் இரண்டரை மடங்கு பரந்த முல்லைத்தீவு மாவட்டத்திலோ நிலத்தின் அரைப்பங்கிற்கு மேல் காடாகவே கிடக்கின்றது.

இவ்வேற்றுமைக்கு முதற் காரணம் நிலத்தின் அடியில் உள்ளது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் கல்லின் இடுக்குகளிலே தங்குவதால், கிணறு வெட்டியவர்க்கு நீர் கிடைத்தது. நீர் கிடைத்த இடமெல்லாம் குடியும் தோட்டமுமாயின. வன்னியிலோ கடும்பாறை. அங்கே குளமே உயிர். குளக்கட்டு உடைந்தால் ஊர் கலையும். கலைந்த ஊரைக் காடு மூடும். அதனுடன் மலேரியாக் காய்ச்சலும் சேர்ந்தது. வன்னிக் காட்டை நெடுங்காலம் காத்த காவலாளி நுளம்பே என்றாலும் பிழையாகாது. 1946ஆம் ஆண்டுக்குப் பின் டீ.டீ.ற்றி. மருந்து தெளிக்கப்பட்டுக் காய்ச்சல் தணிந்ததும், உலர்வலயமெங்கும் குடியேற்றங்கள் பெருகின. 1956இல் இலங்கை நிலத்தில் 44 வீதமாகக் கணிக்கப்பட்ட காடு, 1992இல் 24 வீதமளவாகக் குறைந்தது.

குடாநாடு தனக்கு வேண்டிய காட்டை வன்னியில் வைத்திருந்தது என்றே சொல்லலாம். வீட்டு மரமும் விறகும் தோட்டத்திற்குத் தாழ்க்கும் குழையும் அங்கிருந்து வந்தன. குடாநாட்டுக்கென்று எஞ்சிய பெருமரம் பனை ஒன்றே. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் அதனையும் விடவில்லை. செல்லடியில் தலையிழந்தவை பல. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டவை பல.

ஆயினும் அதே போர் வேறோரிடத்தில் பற்றையை வளர்த்தது. 1990இல் மக்கள் வெளியேறிய வலிகாமம் வடக்கில், உழுத செம்மண்ணும் கோயில் வீதியும் புதர் மண்டின. பிற்காலத்தில் நிலம் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோர் தம் வளவின் எல்லையைப் பற்றைக்குள் தேட வேண்டியதாயிற்று. வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு அது பசுமை. உரியவர்க்கோ வீடிழந்த இடம்.

வன்னியிலும் இவ்வழக்கு உண்டு, அதுவும் கடுமையாக. இடம்பெயர்ந்தோர் இல்லாத ஆண்டுகளில் வயலும் மேட்டுநிலமும் மரம் மூடின. மீண்டு வந்தோர் தம் பழைய காணியில் வன எல்லைக் கற்களைக் கண்டனர். பத்திரம் எரிந்துபோனவர் எதைக் காட்டுவார்? வனத்தைக் காக்கும் அதிகாரியின் கடமையும் பொய்யன்று. உழுதவரின் உரிமையும் பொய்யன்று.

ஆபிரிக்காவின் சிறு நாடான றுவண்டாவும் இத்தகைய இக்கட்டைக் கண்டது. 1994ஆம் ஆண்டுப் படுகொலைக்குப் பின் திரும்பியோர் குடியேறக் கிஷ்வத்திக் காடு பெரிதும் அழிந்தது. இன்று அந்நாடு தன் நிலத்தில் 30 வீதம் காடென்று கணக்கிடுகின்றது. அதிற் பெரும்பகுதி நட்ட யூக்கலிப்ரஸ் மரமே. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அரை ஹெக்டயர் நிலமும், ஐந்து மீற்றர் உயரமும், பத்து வீத நிழலும் இருப்பின் காடென்று கொள்ளும். பழத்தோட்டத்தை அவ்வாறு கொள்ளாது. நுங்கும் பதநீரும் தரும் பனங்கூடலை எதில் சேர்ப்பது?

போருக்குப்பின் குடாநாட்டிலும் தீவுகளிலும் மாரிதோறும் பனம்விதை ஊன்றப்பட்டு வருகின்றது. வடலி பூப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் வரை செல்லும். அது ஆணா பெண்ணா என்பதும் அப்பொழுதே தெரியும்.