வீட்டிலே தேகாப்பியாசம்

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)

சமய சங்கத்திலே தேகத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். முன்னர் இழிவென்று எண்ணிய உடம்பினுள்ளே இறைவனைக் கண்டு, பின்னர் அதனைப் பேணியதாகத் திருமூலர் திருமந்திரத்திலே கூறுகின்றார். நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலும், சரீரம் ஓர் ஆலயம் என்ற பவுல் அப்போஸ்தலரின் கருத்தையே போதித்தனர். 1897 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளிய விவேகானந்த சுவாமிகள், அதே ஆண்டிற் சென்னையிலே பேசியபொழுது, இளைஞர் முதலில் உடல் வலிமை பெறுதல் வேண்டும் என வற்புறுத்தினார். ஆதலின் இப்பொருள் எமக்குப் புறம்பானதன்று.

வீட்டிலிருந்தபடியே அப்பியாசம் பழகும் முறையும் முற்றிலும் புதிதன்று. 1928 இல் யப்பான் தேசத்தார் வானொலியைக் கேட்டுத் தேகாப்பியாசம் செய்யத் தொடங்கினர். 1982 இல் அமெரிக்க நடிகை ஜேன் ஃபொண்டா வெளியிட்ட வீடியோ நாடா, பல இல்லங்களை அப்பியாச சாலைகளாக்கிற்று. 2020 மார்ச் மாதத்தில் எமது நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபொழுது, கைத்தொலைபேசியே பலருக்கு ஆசானாயிற்று.

அப்பொழுது பாடசாலை மாணவராயிருந்த நாமும் விறாந்தையிலே பாயை விரித்தோம். யூடியூப்பிலே கண்ட அரைமணி நேரக் காணொளி ஒன்றைத் தெரிந்து, அதிலுள்ளவர் துள்ளியபடியெல்லாம் சீமெந்து நிலத்திலே துள்ளினோம். இரண்டாம் நாள் படி இறங்க முடியவில்லை. நாலாம் நாள் முழங்கால் நொந்தது. ஐந்தாம் நாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, எம்மைச் சோம்பேறி என்று நாமே ஏசிக்கொண்டோம்.

உண்மைக் காரணம் சோம்பலன்று. அதனைச் சென்ற ஆண்டு விடுமுறையில் மீண்டும் முயன்றபொழுதே அறிந்தோம். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, “பிள்ளை, நீ குந்தேக்கை முழங்கால் உள்ளுக்குச் சாயுது. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடேக்கை இப்பிடியே போடுறனி?” என்று கேட்டார். அன்பர்களே, திரையிலுள்ள ஆசானை நாம் காண்கின்றோம். அவர் எம்மைக் காண்பதில்லை. எமது வயதும், நோவும், பிழையும் அவருக்குத் தெரியா. ஆதலின் எம்மைக் காண்பதற்கு வீட்டிலே வேறொரு கண் வேண்டும்.

இனி, தொடங்கும் முறையைச் சொல்வோம். துள்ளல் இல்லாத, பத்து நிமிடக் காணொளி ஒன்றைத் தெரிக. அதனை முதலில் இருந்தபடியே முழுவதும் பார்க்க. இணைய வசதியுள்ள இடத்திலே தரவிறக்கி வைத்தால் டேட்டாவும் வீணாகாது. கிழமைக்கு மூன்று நாள், இடையிடையே ஒருநாள் ஓய்வு விட்டுச் செய்க. நாள்தோறும் புதிது தேடாமல், ஒன்றையே மூன்று கிழமை பழகுக. கதிரையிலிருந்து எழுந்து இருத்தல், சுவரிற் கையூன்றித் தள்ளுதல், நின்ற இடத்திலே நடத்தல் ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். பயிலும்பொழுது பேச முடிதல் வேண்டும். தேவாரம் பாட முடியாது. அதுவே மத்திமமான வேகத்துக்கு அளவு. நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்துக. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மத்திமமான வேகத்தில் இயங்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்தது. இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒன்றும் செய்யாதிருப்பதினும் சிறிது செய்தல் நன்று என்பதும் அந்நிறுவனத்தின் வாக்கே. 65 வயதைக் கடந்தோர், விழாமல் நிற்கும் வலிமைக்கான பயிற்சிகளை மூன்று நாளேனும் செய்யவேண்டுமெனவும் அது கூறுகின்றது.

அம்மம்மா முன்னொருமுறை கிணற்றடியிலே சறுக்கி விழுந்தவர். எலும்பு முறியவில்லை, ஆனால் துணிவு முறிந்தது. கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். எமது பிழையைத் திருத்தத் தொடங்கிய பின்னர், தாமும் எமது தோளைப் பிடித்தபடி கதிரையிலிருந்து ஐந்துமுறை எழுந்திருக்கப் பழகினார். ஐந்து பத்தாயிற்று. இவ்வாண்டுத் தேர்த் திருவிழாவன்று, எமது கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் இறங்கி, தேர் இருப்புக்கு வரும்வரை நின்று கும்பிட்டார். அவர் எமக்குக் கண்ணாயிருந்தார். நாம் அவருக்கு ஊன்றுகோலாயிருந்தோம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். வாலிபர் மாலையிலே மைதானத்துக்குப் போகலாம். எமது சகோதரிகளுள் எத்தனை பேருக்கு அது கூடும்? அவர்களுக்கு வீட்டறையே மைதானம். அந்தச் சிறுபொழுதிலாவது அவர்களைக் குசினிக்கு அழையாது விடுங்கள். பார்த்துச் சிரியாது விடுங்கள். ஒரு சிரிப்பு பல பாய்களைச் சுருட்ட வைத்திருக்கின்றது.

வாலிப அன்பர்களே, இச்சங்கத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரைத் துணையாக அழைத்துக்கொண்டு, வரும் வெள்ளிக்கிழமை பிள்ளையாரை வணங்கித் தொடங்குவோமாக. அடுத்த ஆண்டுத் தேருக்கு எத்தனை அம்மம்மாமார் நடந்து வருகின்றனர் என்பதே எமது முயற்சிக்குச் சான்றாகட்டும்.