பரணில் கிடந்த பியானோ
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தொழில்நுட்பம் பேச நாலு பேர் இருக்காங்கப்பா, நீ வேற ஏதாவது பேசு" என்றார். அந்த தைரியத்தில்தான் மறந்துபோன பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களைப் பற்றியும் அவர்களுடைய பியானோ ஸ்கோர்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். ஸ்கோர் என்றால் கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. இசையை எழுதி வைத்த தாள். நம் பாஷையில் சொன்னால் டிராயிங்.

இந்த ஒப்புமையை யோசிக்காமல் சொல்லவில்லை. என் வேலையே பழைய இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்து தருவது. டிராயிங் இருந்தால் நாற்பது வருஷத்துப் பம்பையும் ஓட வைத்துவிடலாம். டிராயிங் தொலைந்துவிட்டால் கண் முன்னால் நிற்கிற இயந்திரமும் பழைய இரும்புதான். இசையின் நிலைமை இன்னும் மோசம். ஐரோப்பிய இசையில் தாள் போனால் பார்த்து அளவெடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. மனப்பாடமாகக் குரு சிஷ்யனுக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே பெரும்பாலும் கிடையாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பியானோவிலும் சரி, ஆர்மோனியத்திலும் சரி, ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. நம் முறையில் சட்ஜமமும் பஞ்சமமும் அசையாது. சட்ஜமத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவில் நாலு கட்டை. அதில் இரண்டை எடுத்தால் ரி, க. நாலில் இரண்டை எத்தனை விதமாக எடுக்கலாம்? ஆறு. அதேபோல் மேலே த, நி சேர்க்கையும் ஆறு. ஆறாறு முப்பத்தாறு. மத்யமம் இரண்டு விதம். ஆக 72. இதுதான் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி வகுத்த மேளகர்த்தா. கால்குலேட்டர் இல்லாத காலத்து காம்பினேஷன் கணக்கு!

ஐரோப்பாக்காரர்கள் நெடுங்காலம் மேஜர், மைனர் என்ற இரண்டு வகை ஸ்வர வரிசைகளை வைத்தே பெரும்பாலான இசையைக் கட்டினார்கள். அவர்களுடைய மேஜர், நம் கணக்கில் 29ஆவது மேளமான சங்கராபரணம். மிச்சத்தை எல்லாம் பியானோவில் வாசித்தால் என்ன என்று கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் ஃபோல்ட்ஸ்.

1880இல் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா ஹாலே இசைக்குழுவில் பஸூன் வாசித்தவர். மகனும் 1900இல் அதே குழுவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். 1915இல் மாட் மக்கார்த்தி என்ற அயர்லாந்து வயலின் கலைஞரைச் சந்தித்தார். அந்த அம்மையார் அன்னி பெசன்ட்டுடன் இந்தியா வந்து, நம் இசையைப் படித்துவிட்டு லண்டன் திரும்பி, அதைப் பற்றி உரையாற்றி வந்தவர். அவர் வழியாகத்தான் இந்திய இசை ஃபோல்ட்ஸுக்குள் போனது.

விளைவு, "எஸ்ஸேஸ் இன் தி மோட்ஸ்" என்ற பியானோ வரிசை. 1928இல் பாரிஸில் அச்சானது. ஒவ்வொரு உருப்படிக்கும் ஏழு ஸ்வரம் கொண்ட ஒரு வரிசையைத் தேர்ந்தெடுப்பார். அப்புறம் அந்த ஏழைத் தவிர எட்டாவது ஸ்வரம் உள்ளே வராது. இது கர்நாடக இசை ஆகிவிடுமா என்றால், ஆகாது. மேளம் வேறு, ராகம் வேறு. கமகம் இல்லாமல் ராகம் ஏது? பியானோக் கட்டையை அசைக்க முடியாது. ஃபோல்ட்ஸ் எடுத்துக்கொண்டது ராகத்தை அல்ல, ஏணியை மட்டும். ஆனால் அந்த ஏணியில் ஏறி அவர் பார்த்த ஊர் புதுசு.

அவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1935இல் இந்தியா வந்தார். தில்லியில் அகில இந்திய வானொலியின் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1938இல் ஆர்மோனியத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அசையாத கட்டைகள் இந்திய இசையின் நெளிவு சுளிவைக் கெடுக்கும் என்பது வாதம். 1940இல் வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் அது தளர்ந்தது. நம் தாத்தாக்கள் சண்டை போட்ட அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு மான்செஸ்டர்காரரின் பேனாவும் இருந்தது!

அதே ஆள் நம் வாத்தியங்களையும் மேல்நாட்டு வாத்தியங்களையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். "கிழக்கும் மேற்கும்" என்ற பெயரில் ஒரு சிம்பொனி எழுதினார். 1939 ஏப்ரலில், வானொலி வேலையாகக் கல்கத்தா போன சில நாட்களில் காலராவில் இறந்துபோனார். வயது 58. அந்த சிம்பொனி இன்று இல்லை. அவர் இந்தியாவில் எழுதியதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அவரைப் பேச ஆள் இல்லை. மால்கம் மெக்டொனால்ட் என்று ஒரு இளைஞர், 1948இல் பிறந்தவர், தேடக் கிளம்பினார். ஃபோல்ட்ஸின் மகள் வீட்டுக் கார் ஷெட்டில் பெட்டிகளில் கைப்பிரதிகள் இருந்தன. சிலவற்றை எலியும் எறும்பும் ஒரு கை பார்த்திருந்தன. மிஞ்சியதை வைத்து 1975இல் புத்தகம் எழுதினார். அதைப் படித்தவர்கள் வாசித்தார்கள், வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பீட்டர் ஜேகப்ஸ் அந்தப் பியானோ வரிசையை இசைத்தட்டாக்கினார். 2007 நவம்பர் 11 அன்று, 81 வருஷ இடைவெளிக்குப் பிறகு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவருடைய "உலக இரங்கல்" இசை முழங்கியது. 27 வயதுக்குள் ஒரு பையன் போட்ட அடித்தளம் அது. நம் இறுதியாண்டு மாணவர்களைவிட ஐந்தாறு வயதுதான் கூட.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கைகோஸ்ரு ஷாபூர்ஜி சொராப்ஜி, 1892இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா பம்பாய்ப் பார்சி. தொழில், சிவில் இன்ஜினியர்! மகன் எழுதிய "ஓபஸ் கிளாவிசெம்பலிஸ்டிகம்" 252 பக்கம், வாசிக்க நாலு மணி நேரத்துக்கு மேல். 1930இல் கிளாஸ்கோவில் தானே வாசித்தார். பிறகு அரைகுறை வாசிப்பு பிடிக்காமல், தன் அனுமதியின்றி யாரும் மேடையில் வாசிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார். அது திறக்க 1976 ஆனது. அவருடைய கையெழுத்தைப் படித்துப் பிழை திருத்தி, கணினியில் ஏற்றும் வேலையை இசைக் கலைஞர்கள் பல வருஷங்களாகச் செய்கிறார்கள்.

இன்னொருவர் யார்க் போவன். 1938இல் 24 பிரெலூட்கள் எழுதி, அவற்றை சொராப்ஜிக்கே காணிக்கையாக்கினார். அச்சில் வர 1950 ஆயிற்று. அதற்குள் காலத்தின் ருசி மாறிவிட்டது. இது பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டார்கள். 1996இல் ஸ்டீபன் ஹஃப் அவற்றில் சிலவற்றைப் பதிவு செய்து வெளியிட்ட பிறகே பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

மூவரும் மறக்கப்பட்ட காரணம் வேறு வேறு. ஒருவருக்குத் தாள் தொலைந்தது, ஒருவர் தானே கதவைச் சாத்தினார், ஒருவரைக் காலம் ஒதுக்கியது. "நல்லதா இருந்தா தானா நிக்கும்" என்று நாம் சொல்கிறோமே, அதை நான் இப்போது நம்புவதில்லை. எதுவும் தானாக நிற்பதில்லை. யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தால்தான் நிற்கும். திறப்பதற்குள் எலி முந்திக்கொண்டால் அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஃபோல்ட்ஸ் அச்சிட்ட ஸ்கோர்களுக்கு இன்று இங்கேயும் பிரிட்டனிலும் காப்புரிமைத் தடை கிடையாது. கீபோர்டு வைத்திருப்பவர்கள் வாசித்துப் பாருங்கள். 72இல் எது என்று கண்டுபிடியுங்கள், நல்ல பொழுதுபோக்கு. அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது, தாத்தாவின் பாட்டு நோட்டோ பாட்டியின் கைக்கணக்கோ எதுவானாலும், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். கையில் போன் இருக்கிறது, படம் எடுத்து வையுங்கள். காணாமல் போன அந்த சிம்பொனி தில்லியிலோ கல்கத்தாவிலோ எந்தக் கட்டோடு எடைக்குப் போனதோ, யார் கண்டார்கள்?

டீ வந்துவிட்டது.