கட்டைவிரல் நீளச் சிறுநீரகம்

சின்னப் பிள்ளைக்குச் சின்னப் பிள்ளையின் சிறுநீரகம்தானே பொருந்தும் என்று நமக்குத் தோன்றும். மருத்துவர்களோ இதற்கு நெடுங்காலம் தயங்கினார்கள். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குக்கூட, அம்மாவோ அப்பாவோ கொடுத்த பெரிய சிறுநீரகத்தையே வயிற்றுக்குள் இடம்பண்ணி வைத்தார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் ரத்தக்குழாய். பிறந்த குழந்தையின் சிறுநீரகம் நம் கட்டைவிரல் நீளம்தான். அதற்குப் போகும் தமனி ஏறக்குறைய ஒரு நெல்மணி அகலம். அதில் தையல் போட்டு, அது லேசாக முறுக்கிக்கொண்டாலே ரத்தம் உறைந்து அடைத்துவிடும். அடைத்தால் சிறுநீரகம் போனதுதான்.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். யோசனை எளிது, கைவேலைதான் கடினம். இறந்துபோன மிகச் சிறிய குழந்தையின் இரண்டு சிறுநீரகங்களையும் பிரிக்காமல், மகாதமனியோடும் பெருஞ்சிரையோடும் சேர்த்து எடுக்கிறார்கள், காயைக் கொத்தோடு பறிப்பதுபோல. நெல்மணிக் குழாயில் ஊசி படுவதே இல்லை. தையல் பெரிய குழாயில் விழுகிறது.

பிழைக்குமா? முதல் சில நாட்கள்தான் கண்டம். இழப்புகளில் பெரும்பங்கு அப்போதே நேர்ந்துவிடுகிறது. அதைத் தாண்டியவை, பெரியவர்கள் கொடுத்த சிறுநீரகத்துக்கு ஈடாகப் பல ஆண்டுகள் உழைக்கின்றன. அதனால் 'நூற்றுக்கு எத்தனை' என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த மாதத்துக் கணக்கு, எத்தனை முறை செய்து பழகிய கைகள் என்றும் கேட்க வேண்டும்.

எனக்கு வியப்பு வேறிடத்தில். ரத்தத்தை வடிகட்டும் நுண்குழல்களை நெஃப்ரான் என்பார்கள். கருவின் 36-வது வாரத்தையொட்டி அவை உருவாகி முடிந்துவிடும். பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. ஆக, அந்தக் கட்டைவிரல் நீளத்துக்குள் ஆயுளுக்கான வடிகட்டிகள் அத்தனையும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய உடம்பில் வேலை கூடக்கூட அவை பருக்கின்றன. சுமை மிஞ்சினால் சிறுநீரில் புரதம் கசியும். ஆகவே ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் விடாமல் பார்க்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையும் நாள் தவறாமல் வேண்டும்.

இத்தகைய தானம் நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் குஜராத்தின் சூரத் நகரில், மூளைச்சாவு அடைந்த குழந்தை ஒன்றின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்தார்கள். பிறந்து ஐந்தே நாளான குழந்தை. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகத் தாயோ தகப்பனோ சம்மதம் தரலாம். தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கும் நாட்களில், அவர்கள் அந்தச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.