விண் பயணத்திற்கு மண்ணில் ஓர் ஒத்திகை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில் விஞ்ஞானம் பேச வந்திருக்கிறேன். சந்திர மண்டலத்திற்கும் முதலமடையின் மாந்தோப்புகளுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நம் ஊருக்கு ஒரு புறத்தே இருக்கும் நெம்மாராவைச் சேர்ந்தவர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வருள் அவரும் ஒருவர் என்று 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டது. மறுபுறத்தே, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்தவர் மயில்சாமி அண்ணாதுரை. 2008ஆம் ஆண்டு நிலவை நோக்கிச் சென்ற முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர் அவர். இவ்விரு ஊர்களுக்கும் இடையே வாழும் நாம் விண்வெளியைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஆயினும் இன்று நான் பேச வந்தது ஏவுகணையைப் பற்றியன்று. நிலவிலும் செவ்வாயிலும் மனிதர் வாழ்வதற்கு முன், அந்த வாழ்வை இந்த மண்ணிலேயே நடித்துப் பார்க்கிறார்களே, அந்த ஒத்திகையைப் பற்றித்தான். ஒத்திகை எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. சற்றுமுன் இங்கே நாடகம் நடித்த நம் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். மேடையில் தவறினால் அவையோர் நகைப்பர், அவ்வளவே. விண்வெளியில் தவறினால் உயிர் போகும். ஆகவே தவற வேண்டியவற்றையெல்லாம் தரையிலேயே தவறிப் பார்த்துத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

நாமக்கல் தந்த நிலா மண்

முதல் ஒத்திகை நிலத்திற்கு. அமெரிக்கர்கள் 1969இல் நிலவில் கால்வைக்கும் முன்பே, 1967இல், அரிசோனா மாநிலத்தில் எரிமலைச் சாம்பல் படிந்த வெளியொன்றில் வெடிவைத்துப் பள்ளங்கள் பறித்தனர். நிலவின் நிழற்படத்தில் எங்கெங்கே பள்ளம் இருந்ததோ அங்கங்கே, அதே அளவில், பள்ளம் உண்டாக்கினர். நிலவுக்குச் செல்லவிருந்தவர்கள் அந்தப் பள்ளங்களிடையே நடந்து பழகினார்கள்.

நம் நாட்டிலும் அத்தகைய தேவை எழுந்தது. சந்திரயானின் இறங்குகலமும் அதனுள்ளிருந்து உருண்டு வரும் ஊர்தியும் நிலவின் மண்ணில் எவ்வாறு நிற்கும், எவ்வாறு புதையும் என்று அறிய வேண்டும். அதற்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். அயல்நாட்டிலிருந்து வரவழைப்பதோ பெருஞ்செலவு. அம்மண் எங்கே கிடைத்தது தெரியுமா? நாமக்கல் மாவட்டத்தில்! சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் சிற்றூர்களில் அனார்த்தோசைட் என்னும் வெண்பாறை உண்டு. நிலவின் மேட்டு நிலங்களில் உள்ளதும் அவ்வகைப் பாறையே. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் அறிஞர்களும் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் இஸ்ரோவும் கூடி அப்பாறையைப் பொடித்து நிலா மண் ஆக்கினர். ஏறத்தாழ 50 டன் மண் பெங்களூருக்குச் சென்றது. அதனை ஆக்கும் முறைக்கு இஸ்ரோ 2014இல் விண்ணப்பித்த காப்புரிமை 2020இல் கிடைத்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாமெல்லாம் கைதட்டினோம். அந்த ஊர்தியின் சக்கரம் நிலவைத் தொடுவதற்கு முன்பே நாமக்கல் மண்ணில் உருண்டு பழகியது என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் பூரிக்கிறது.

லடாக்கின் குளிர்க் குடில்

இரண்டாம் ஒத்திகை உடலுக்கு. காற்றுக் குறைந்த இடம், கடுங்குளிர், மரமற்ற வெளி, வெயிலில் மிகுந்த புற ஊதாக் கதிர் ஆகிய இவையெல்லாம் ஒருங்கே அமைந்த இடம் நம் நாட்டில் லடாக். 2024 நவம்பரில் லே நகரை அடுத்து இஸ்ரோவின் மனித விண்பயண மையமும், ஆகா விண்வெளி நிறுவனமும், லடாக் பல்கலைக்கழகமும், மும்பை ஐ.ஐ.டி.யும், லடாக் மலை வளர்ச்சி மன்றமும் இணைந்து இந்தியாவின் முதல் ஒத்திகைக் குடிலை அமைத்தன. காற்றடைத்தால் விரியும் அச்சிறு குடிலினுள் சமையலறையும், கழிப்பிடமும், மண்ணின்றி நீரிலே செடி வளர்க்கும் ஏற்பாடும் இருந்தன.

அடுத்த ஆண்டே, 2025 ஜூலை 31 அன்று, அதே லடாக்கில் சோ கார் என்னும் உப்பேரிப் பள்ளத்தாக்கில் 'ஹோப்' என்னும் மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது. பெங்களூருவின் புரோட்டோபிளானட் நிறுவனம் அமைத்த அந்நிலையத்தைத் திறந்து வைத்தவர், குமரி மாவட்டத்தில் பிறந்து இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் அவர்கள். 4,500 மீட்டருக்கும் மேலான உயரம். காற்றழுத்தமோ கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். 8 மீட்டர் அகலமுள்ள உறைவிடம் ஒன்று, அதனோடு இணைந்த 5 மீட்டர் அகலமுள்ள பணியிடம் ஒன்று. இவற்றினுள் இருவர் ஆகஸ்டு முதல் பத்து நாள்களைக் கழித்தனர். அவர்தம் உடலும் மனமும் எவ்வாறு மாறின என்பதை மருத்துவரும் உயிரியலாரும் ஆராய்ந்தனர்.

520 நாள் கதவடைப்பு

மூன்றாவது ஒத்திகைதான் எல்லாவற்றிலும் அரியது. அது மனத்திற்கு.

நிலவுக்குச் செய்தி அனுப்பினால் ஒன்றேகால் நொடியில் சென்று சேரும். செவ்வாய்க்கோ, அது நெருங்கியிருக்கும்போது 3 நிமிடம். விலகியிருக்கும்போது 22 நிமிடம். "இங்கே தீப்பிடித்துவிட்டது, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டால், கேள்வி போக 22 நிமிடம், விடை வர 22 நிமிடம். விடை வரும்போது தீயும் இராது, கேட்டவரும் இருப்பாரோ, மாட்டாரோ! ஆகவே அங்கே செல்வோர் தம் அறிவையும் தம் தோழரையும் மட்டுமே நம்பி வாழ வேண்டும். போகும் வழியோ ஆறு மாதத்திற்கும் மேல்.

இத்தகைய வாழ்வை மனித மனம் தாங்குமா என்று அறிய, மாஸ்கோவில் 2010 ஜூன் 3 அன்று ஆறு பேர் ஒரு கலத்தினுள் புகுந்தனர். மூவர் ரஷ்யர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இத்தாலிய மரபினர், ஒருவர் சீனர். கதவு அடைக்கப்பட்டது. சாளரம் இல்லை, பகலும் இல்லை, இரவும் இல்லை. செய்திகள் வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்டன. 2011 பிப்ரவரியில், கலத்தை ஒட்டிய மணற்கூடத்தில் மூவர் "செவ்வாயில் இறங்கினர்". நவம்பர் 4 அன்று, 520 நாள் கழித்து, கதவு திறந்தது.

ஆறுபேரும் நலமே வெளிவந்தனர். ஆனால் ஆராய்ச்சியாளர் கண்டது என்ன? நாளாக ஆக அவர்களுடைய நடமாட்டம் குறைந்தது. உறக்கமும் ஓய்வும் மிகுந்தன. ஒருவருடைய உடல் 24 மணி நேர நாளை மறந்து 25 மணி நேர நாளில் சுழலத் தொடங்கிற்று. மற்றவர் விழித்திருக்கையில் அவர் உறங்கினார், மற்றவர் உறங்குகையில் அவர் தனித்து விழித்திருந்தார். மனத்துயரோ நடத்தைக் கோளாறோ சிறிதும் இன்றி இருந்தவர்கள் அறுவருள் இருவரே. அன்பர்களே, இதனைச் சற்று நின்று சிந்தியுங்கள். அவர்கள் எளிய மனிதர் அல்லர். ஆயிரம் சோதனைகளால் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களுள்ளும் நால்வரைத் தனிமை தொட்டது.

அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் நால்வர் 1,700 சதுர அடி வீட்டினுள் 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை 378 நாள் அடைந்திருந்தனர். காய்கறி பயிரிட்டனர், பழுது பார்த்தனர், 22 நிமிடத் தாமதத்தோடு வீட்டாருக்குச் செய்தி அனுப்பினர். அதன்பின் 2025 அக்டோபரில் இரண்டாம் குழு அங்கே புகுந்தது. நம் நாட்டிலும் 2025 ஜூலையில், ககன்யான் வீரர்களுள் ஒருவரான அங்கத் பிரதாப் முதலியோர் பெங்களூருவில் பத்து நாள் தனித்திருந்து இத்தகைய சோதனைக்கு உட்பட்டனர்.

ஒத்திகைக்கும் எல்லை உண்டு

இவையெல்லாம் உண்மைப் பயணம் ஆகுமா என்று கேட்போரும் உண்டு. கேள்வி நேர்மையானதே. நிலவில் நம் எடை ஆறில் ஒரு பங்காகும். அந்த எடைக்குறைவை மாதக்கணக்கில் இங்கே உண்டாக்க முடியாது. அன்றியும், இங்கே கதவைத் திறந்தால் காற்று உண்டு. 2018 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் எரிமலைச் சரிவில் இருந்த குடிலில் நால்வர் குழு புகுந்தது. ஒருவர் மின்னதிர்ச்சி உற்றார். மருத்துவ ஊர்தி வந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. நான்காம் நாளே சோதனை முடிந்தது. செவ்வாயில் எந்த ஊர்தி வரும்?

ஆனால் அந்தத் தோல்வியும் பாடமே. அரிசோனாவில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் கண்ணாடி மாளிகை ஒன்றினுள் பயிர் விளைத்து, அடைத்த காற்றையே சுவாசித்து வாழ முயன்றனர். நூற்றுக்கு 21 பங்கு இருந்த பிராணவாயு மெல்ல மெல்ல 14 பங்காகக் குறைந்தது. காரணம் புரியாது திகைத்தனர். பின்னரே தெரிந்தது: வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உண்டு கரியமில வாயுவை வெளியிட்டன; அவ்வாயுவைப் புதிய சிமெண்டுச் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. வெளியிலிருந்து பிராணவாயு செலுத்தி அவர்களைக் காத்தனர். செவ்வாயில் இது நேர்ந்திருந்தால் எட்டுப் பேரும் மாண்டிருப்பர். அரிசோனாவில் நேர்ந்ததால் ஓர் உண்மை கிடைத்தது.

நமக்கு என்ன பாடம்?

தனித்து வாழ்தல் நமக்குப் புதிதன்று. நம் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததே பரம்பிக்குளம். ஆயினும் அங்கே பேருந்தில் செல்வோர் தமிழ்நாட்டினுள் புகுந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியே மலையேறி, மீண்டும் கேரளத்தில் நுழைகின்றனர். 1960களில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து அணைகள் எழுந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் அக்காட்டினிடையே தங்கி உழைத்தனர். ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வரும். அது வந்து சேர்வதற்குள் காய்ச்சல் தணிந்திருக்கும், அல்லது முற்றியிருக்கும். 22 நிமிடத் தாமதத்தைப் பெரிதென்று பேசுகிறோம்; நம் முன்னோர் நாள்கணக்கான தாமதத்தில் குடும்பம் நடத்தியவர்கள்.

இன்று கையில் தொலைபேசி உண்டு. எனினும் இக்குடியிருப்பில் புதிதாக வந்து சேரும் இளைஞனும், மணமாகி வந்த பெண்ணும், மகனோடு தங்க வந்த முதியவரும் முகம் வாடியிருப்பதை நாம் காண்கிறோம். "வேலை இருக்கிறது, சோறு இருக்கிறது, இவர்களுக்கு என்ன குறை?" என்று சிலர் கேட்கின்றனர். இனி அவ்வாறு கேளாதீர்கள். தேர்ந்தெடுத்த வீரர் அறுவருள் நால்வர்க்கு நேர்ந்தது, நம்மவர்க்கு நேர்தல் கோழைத்தனம் ஆகாது. அது மனித இயல்பு என்பதை விஞ்ஞானமே மெய்ப்பித்துவிட்டது.

அதற்கு மருந்து என்ன? ஒழுங்கான நாள், பயனுள்ள வேலை, வீட்டாரோடு தொடர்பு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்ணும் உணவு ஆகிய இவற்றையே அக்கலங்களில் திட்டமிட்டுப் பேணுகின்றனர். நம் சங்கமும் இவற்றைத்தானே செய்கிறது? ஆகவே ஆண்டு விழாவோடு நின்றுவிடாமல், மாதம் ஒருமுறையேனும் எல்லாக் குடும்பங்களும் கூடி உண்போம். புதிதாக வந்தவர் வீட்டுக் கதவை, அவர் வந்து அழைக்கும் வரை காத்திராமல், நாமே சென்று தட்டுவோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். விண்பயணத்திற்குப் பொறியியல் மட்டும் போதாது. பாறையை அறிந்தவர், பயிரை அறிந்தவர், உறக்கத்தை அறிந்த மருத்துவர், மனத்தை அறிந்த உளவியலார் ஆகிய அனைவரும் அங்கே தேவை. உங்கள் மகள் மண்ணைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். 2040க்குள் இந்தியர் நிலவில் கால்வைக்க வேண்டும் என்று நம் நாடு இலக்குக் கொண்டிருக்கிறது. அந்த ஒத்திகைக் குடிலின் கதவை வெளியிலிருந்து காத்து நிற்கும் மருத்துவராக, இன்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமி வளர்ந்து நிற்கக் கூடாதா?