மகவு ஆணா, பெண்ணா? முடிவு எங்கே பிறக்கிறது?

(சித்தூர் மாவட்டம் குடுபல்லியில் மாணவர்கள், ஊரக அலுவலர்கள், பட்டு வளர்ப்போர் ஆகியோரிடையே ஆற்றிய உரை)



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில், குப்பத்திற்கு அடுத்து வரும் சிறிய நிலையம் குடுபல்லி. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப்புறம் இது. மூன்று மொழிகளிலும் ஒரே பொருளில் வழங்கும் ஏச்சு ஒன்று உண்டு. அடுத்தடுத்துப் பெண் மகவைப் பெற்ற மருமகளை நோக்கி, "இவள் வயிற்றில் ஆண் பிள்ளை தங்காது" என்பதே அது. அதைக் காரணம் காட்டி மகனுக்கு மறுமணம் பேசிய குடும்பங்களை நான் நேரில் அறிவேன். அந்த ஏச்சில் அறிவியல் உண்மை அணுவளவேனும் உளதா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இதனை நான் பட்டுப்புழுவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். குப்பம், பலமநேர் வட்டாரங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டு வளர்ப்போர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ஒரு கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சி ஆணா பெண்ணா என்பது அவர்களுக்கு வீண் வினா அன்று. ஆண் புழுக் கூட்டில், அதன் எடையோடு ஒப்பிடுகையில், பட்டின் அளவு மிகுதி. முட்டை உற்பத்தி நிலையங்களில் கூட்டுப்புழுப் பருவத்திலேயே ஆண், பெண் இனங்களைப் பிரித்து வைக்கிறார்கள்.

பட்டுப்பூச்சியின் உயிரணுவில் 28 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை பாலினத்தைச் சார்ந்தது. ஆண் பூச்சியில் அவ்விணையின் இரு உறுப்புகளும் ஒரே வகை. அவற்றை இசட் என அழைப்பர். பெண் பூச்சியிலோ ஒன்று இசட், மற்றொன்று டபிள்யூ. டபிள்யூ உள்ள முட்டையிலிருந்து பெண்ணும், அஃது இல்லாத முட்டையிலிருந்து ஆணும் தோன்றும். ஆகவே பட்டுப்பூச்சியின் இனத்தில் பாலினத்தைத் தீர்மானிப்பது தாய். கோழியினத்திலும் அவ்வாறே. மருமகளை ஏசும் மாமியார், பட்டுப்பூச்சியையோ பெட்டைக் கோழியையோ ஏசியிருந்தால் அவர் கூற்றுக்கு ஓரளவேனும் பொருள் இருந்திருக்கும்!

மனித இனத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. (1956ஆம் ஆண்டில் ஜாவாவில் பிறந்த ட்ஜியோவும் சுவீடன் நாட்டவரான லெவனும் சரியாக எண்ணிக் காட்டும் வரை, அறிஞர்கள் 48 என்றே பாடம் நடத்தி வந்தனர்.) 22 இணைகள் இரு பாலார்க்கும் பொது. எஞ்சிய இணை பெண்ணிடம் எக்ஸ், எக்ஸ். ஆணிடம் எக்ஸ், ஒய். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிந்து ஒன்று மட்டுமே செல்கிறது. எனவே தாயின் கருமுட்டையில் இருக்கக் கூடியது எக்ஸ் மட்டுமே. தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸையும் மறுபாதி ஒய்யையும் சுமக்கின்றன. எக்ஸ் சுமந்த விந்தணு கருமுட்டையை அடைந்தால் பெண். ஒய் சுமந்தது அடைந்தால் ஆண்.

இவ்வுண்மையின் முதற்படியைக் கண்டவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் பிரின்மார் கல்லூரியில் பணியாற்றிய நெட்டி ஸ்டீவன்ஸ், 1905ஆம் ஆண்டில் மாவில் வாழும் ஒரு வண்டினத்தை ஆராய்ந்தார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டிலோ 19 பெரியவை, ஒன்று மிகச் சிறியது. அச்சிறிய துண்டே பாலினத்தை வேறாக்குகிறது என அவர் முடிவு கண்டார். அதே காலத்தில் எட்மண்ட் வில்சனும் தனியே ஆராய்ந்து இத்திசையில் சென்றார். ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912இலேயே மறைந்தார். பாடநூல்கள் அவரை நெடுங்காலம் மறந்திருந்தது எனக்கு என்றுமே வருத்தம் தருவது.

ஒய் குரோமோசோம் என்ன செய்கிறது? கருவுற்ற முதல் ஆறு வாரங்கள் வரை இரு பாலாரின் இனப்பெருக்கச் சுரப்பிகளும் ஒரே தோற்றத்தில் உள்ளன. பின்னர் ஒய்யில் உள்ள ஒரு மரபணு செயற்படத் தொடங்கி, அச்சுரப்பியை விந்தகமாக மாற்றுகிறது. எஸ்.ஆர்.ஒய் எனப்படும் அம்மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அதனை எக்ஸ், எக்ஸ் உடைய சுண்டெலிக் கருவில் சேர்த்தபோது அது ஆணாக வளர்ந்தது. சிலர் எக்ஸ், எக்ஸ், ஒய் என மூன்றுடன் பிறக்கிறார்கள். சிலர் ஒற்றை எக்ஸுடன் பிறக்கிறார்கள். வேறு சிலரின் உடலமைப்பு, ஆண் பெண் என்னும் இரு வகையுள் எளிதில் அடங்குவதில்லை. இயற்கையின் இவ்வேறுபாடுகளுக்குப் பெற்றோர் எவரும் பழி ஏற்க வேண்டியதில்லை.

கருத்தரித்த நொடியிலேயே ஒய் வந்ததா இல்லையா என்பது முடிந்துவிடுகிறது. எனவே இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஆண் மகவு வேண்டி உண்ணும் மருந்தும் பத்தியமும் எதனையும் மாற்ற இயலாது. அதற்குச் செலவழித்த பணம் வீணே. சில வேளை தாய்க்கும் கருவுக்கும் கேடும் விளையும்.

"அப்படியாயின் குற்றம் தந்தையுடையதா?" என ஒரு மாணவர் என்னைக் கேட்டதுண்டு. அதுவும் தவறே. எந்த விந்தணு முந்துகிறது என்பது அவர் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. நாணயத்தைச் சுண்டுவது போன்றது இது. நான்கு மக்கள் உள்ள ஆயிரம் குடும்பங்களை எடுத்தால், ஏறத்தாழ அறுபதில் நால்வரும் பெண்களாகவே இருப்பர். ஐந்தாவது மகவுக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதியே. முந்தைய பிறப்புகளை இயற்கை கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

மாமியார்கள் சிந்திக்க வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. தன் மகனுக்கு அவர் அளித்தது எக்ஸ். அம்மகன் அதனைத் தன் பெண்ணுக்கு மட்டுமே அளிக்கிறான்; தன் ஆண் மகவுக்கு அளிப்பது, தன் தந்தையிடமிருந்து பெற்ற ஒய்யை. ஆதலின் பாட்டியின் எக்ஸைச் சுமந்து வருபவள் மகனுடைய மகளே. மகனுடைய மகனிடம் அது இல்லை. எந்தப் பேத்தியைக் கண்டு அவர் முகம் சுளிக்கிறாரோ, அவளிடமே அவருடைய எக்ஸ் வாழ்கிறது.

இயற்கையில் 100 பெண்களுக்குச் சுமார் 105 ஆண்கள் பிறக்கிறார்கள். அதாவது ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 950 பெண்கள். நம் நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளுள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள், 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 918. நமக்கு அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்தில் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது 851. அங்கேதான் 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது என்பது நினைவிருக்கலாம். இத்தகைய வீழ்ச்சிக்குக் குரோமோசோம்கள் பொறுப்பல்ல. கருவிலேயே பாலினத்தை அறிந்து அழிக்கும் செயலும், பிறந்த பின் காட்டும் புறக்கணிப்புமே காரணம்.

இதனைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட சட்டம் 1996 முதல் நடைமுறைக்கு வந்தது; 2003இல் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ குறிப்பாலோ சைகையாலோ வெளியிடுவது குற்றம். அலுவலர்கள் கவனிக்க வேண்டியது 24ஆம் பிரிவு. மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, கருவுற்ற பெண் கணவர் அல்லது உறவினரின் வற்புறுத்தலாலேயே சோதனைக்கு உட்பட்டாள் எனச் சட்டம் கருதுகிறது. ஆகவே விசாரணைக்குச் செல்லும்போது முதல் வினாவை அப்பெண்ணிடம் தொடுப்பது முறையன்று.

ஸ்கேன் நிலையம் ஒவ்வொன்றும் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்னும் அறிவிப்பை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் வைத்தல் வேண்டும். இவ்வெல்லைப் பகுதியினர் மருத்துவம் நாடிக் கோலாருக்கும் கிருஷ்ணகிரிக்கும் செல்லக்கூடியவர்கள். அங்குள்ள அறிவிப்பு கன்னடத்திலோ தமிழிலோ இருக்கும். தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தாய் அதன் முன் நின்றால் அவளுக்கு அதைப் படித்துச் சொல்பவர் யார்? கிராம சுகாதாரப் பணியாளர்கள் புறப்படும் முன்பே அவளிடம் இதனைச் சொல்லி அனுப்பலாம். இது குறித்து உங்கள் அனுபவத்தை அறிய விழைகிறேன். வினாக்களுக்கு இப்போது இடமளிக்கிறேன்.