எங்கே வலை போடக் கூடாது?

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடர். அதற்கென்று 1975-லேயே கடல் பூங்காச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2004 வரை, மீன்பிடிக்கவே கூடாது என்று ஒதுக்கிய பரப்பு ஐந்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதிலும் பெரும்பகுதி, ஆள் நடமாட்டம் குறைந்த வடகோடி. யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தைக் காப்பகமாக அறிவித்தால் சண்டை வராது, சரிதான். இழுவலை அரித்தெடுக்கும் கடலடிக்கு அதனால் என்ன லாபம்?

பூங்கா ஆணையம் கடலை 70 உயிர்ச்சூழல் பகுதிகளாகப் பிரித்தது. பவளப்பாறை 30, மணல், சேறு, கடற்புல் என்று மற்றவை 40. ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் ஒதுக்கியாக வேண்டும். ஆனால் எந்த 20?

அதைத் தேர்ந்தெடுக்க உதவிய கருவியைப் பார்க்க இங்கே கொஞ்சம் நிற்கலாம். கணிதம் படித்த சூழலியலாளர் ஹியூ பாசிங்ஹாமும் அவருடைய மாணவர் இயன் பாலும் உருவாக்கிய மென்பொருள் 'மார்க்சன்'. கடலை ஆயிரக்கணக்கான கட்டங்களாக வெட்டிக் கொடுத்தால், ஒன்றைச் சேர்த்து, இன்னொன்றைத் தள்ளி, எல்லாச் சூழலும் குறைந்த இழப்பில் அடங்கும் ஏற்பாட்டை அது தேடும். துண்டு துண்டாகச் சிதறினால் அபராதப் புள்ளி உண்டு. எல்லை நீண்டால் காவலும் கடினமல்லவா? ரசிக்க வேண்டியது இனிமேல்தான். அது ஒரு விடையோடு நிற்பதில்லை, நூறு விடை வேண்டுமானாலும் தரும். எல்லா விடையிலும் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தை விட்டுக்கொடுக்க முடியாது. எப்போதாவது தலைகாட்டும் கட்டத்தில் மீனவரோடு பேரம் பேசலாம்.

பேரமும் நடந்தது. 31,000-க்கும் மேற்பட்ட கருத்து மனுக்கள் வந்தன, கோடுகள் நகர்ந்தன. 2004 ஜூலை 1 முதல் பூங்காவின் 33 சதவீதத்தில் தூண்டிலுக்கும் தடை.

சறுக்கியது பணத்தில்தான். படகுக்காரர்களோடு கரையில் அவர்களை நம்பியிருந்த தொழில்களும் நிவாரணம் கேட்டன. முதலில் போட்ட மதிப்பீட்டைப் பல மடங்கு மீறி, தொகை 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது.

நேரம் நெருங்கிவிட்டது, ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம். கெப்பல் தீவுகளில் களவா இன மீன் உட்பட இரு வகை மீன்களின் குஞ்சுகளை மரபணுச் சோதனை செய்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பாறைப் பரப்பில் 28 சதவீதமே இருந்த தடைப்பகுதி, சுற்றுவட்டாரத்துக் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதியைத் தந்திருந்தது. மீன்பிடிக்கும் பாறைகளுக்கும் அவை போய்ச் சேர்ந்திருந்தன. அடுத்து எங்கேனும் இப்படி வரைபடம் விரிப்பவர்கள், இந்தக் கணக்கையும் நிவாரணக் கணக்கையும் மீனவர்களிடம் முதல் நாளே காட்டுவார்கள் என்று நம்புவோம்.